மாயவன் வீட்டுப் பங்கு

எங்கள் மாயவனுக்கு மூக்குதான் ஆயுதம். துறை கொடுத்த லத்தியை அவன் நாய் விரட்டக்கூட எடுத்ததில்லை. அவன் வீட்டில் அது துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. கல்வராயன் மலையில் அவன் வனக்காப்பாளர். நான் அவனுக்கு மேலதிகாரி, வனவர் அந்தோணிதாஸ், எலவனாசூர்கோட்டைக்காரன். மேலதிகாரி என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அவன் அப்படி ஒன்றும் நினைப்பதாகத் தெரியவில்லை.

அவன் சோதனை போடுகிற அழகே தனி. கதவைத் தட்டுவது, குரல் கொடுப்பதெல்லாம் கிடையாது. குனிந்து நுழைவான், நேரே அடுப்படிக்குப் போவான், சட்டி மூடியைத் தூக்குவான், மூக்கை விடுவான். முயலா, காட்டுக்கோழியா, சந்தையில் வாங்கின பிராய்லரா, எல்லாம் அந்த மூக்குக்குத் தெரியும். "கோழிதான். உப்பு ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்வான். "உப்பு பாக்கவா உனக்கு கவர்மென்ட்டு சம்பளம் குடுக்குது?" என்று வீட்டுக்காரி கேட்பாள். கேட்டுக்கொண்டே சாமைக்கூழை ஒரு சொம்பு நீட்டுவாள். அவனும் அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து குடிப்பான். நான் வெளியே ஜீப்பில் வெந்துகொண்டிருப்பேன்.

மேல்வாழைக்குழிதான் அவன் பிறந்த ஊர், குடியிருப்பதும் அங்கேதான். அந்த ஊரிலிருந்து காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் அவன். இந்த மூக்கு பிடித்த கேசு எல்லாம் பக்கத்து ஊர்களில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊரில் அது உப்பு, புளி, காரத்தோடு நின்றுவிடும்.

போன வருஷக் கடைசியில் எங்கள் தலையில் ஒரு கல் விழுந்தது. புதுச் சட்ட வரைவாம். வனத்துறைக்காரன் இனிமேல் யார் வீட்டுக்குள்ளும் உத்தரவு வாங்காமல் நுழையக் கூடாதாம். யாருக்கு வந்த யோசனையோ! உத்தரவுக்குக் கள்ளக்குறிச்சி போக வேண்டும், ஐயா சீட்டில் இருக்க வேண்டும், கையெழுத்தாக வேண்டும், பஸ் பிடித்து மலையேற வேண்டும். அதற்குள் இவர்கள் குழம்பு வைத்து, சாப்பிட்டு, சட்டியையும் கழுவிக் கவிழ்த்து, ஏப்பமும் விட்டிருப்பார்கள். பிறகு நான் போய் எதை மோந்து பார்ப்பது, சட்டியின் முதுகையா?

எங்கள் சங்கம் கொதித்தது. கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். சங்கத் தலைவர் பேசினார், யாரும் கேட்கவில்லை. மாயவன் மைக்கைப் பிடித்தான். அடேயப்பா, மலையில் வாயைத் திறக்காத ஆளா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் எந்த வூட்டுக் கதவையும் தட்டுனது கெடையாதுங்க! நேரா அடுப்பாண்ட போய்க்கினே இருப்பேன். எவனாவது ஏன்னு கேட்டிருக்கானா? கேக்க மாட்டான். ஏன்? அதிகாரம்! இந்தக் காக்கிக்கு இருக்குற அதிகாரம்! அத்த புடுங்கிட்டா நான் இன்னா பண்றது, வெளிய நின்னு அம்மா தாயேன்றதா?"

கைதட்டல் ஓயவே இல்லை. நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மேல்வாழைக்குழியில் டவர் கிடைப்பது ஒரு பாறை மேல் மட்டும்தான். அந்தப் பாறை மேல் ஊரே ஏறி நின்று அதைப் பார்த்திருக்கிறது.

முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். சிரிப்பு அடங்கியதும் இருசம்மாள், அவனுக்குச் சின்னம்மா முறை, கேட்டிருக்கிறாள்: "நம்ம புள்ளையாச்சேனு கூழு ஊத்துனன். அவன் அதிகாரத்துலயா வந்து குடிச்சிக்கினு இருந்தான்?" ஊர்க்கவுண்டர் பாவாடை, ஊருக்குத் தலைவரான கிழவர், பாறையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

இது மாயவன் காதுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவன் அப்போது கைதட்டல் மயக்கத்தில் இருந்தான்.

காணும் பொங்கல் வந்தது. அன்று இந்த மலையில் பாரி வேட்டை. ஊர் ஆண்கள் எல்லாம் சேர்ந்து காட்டுக்குள் போவார்கள். கிடைத்ததைக் கோயில் முன்னால் கல்லின் மேல் வைத்து, ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை பங்கு போடுவார்கள். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவன் வீட்டுக்கும் உண்டு, படுத்த படுக்கையாய்க் கிடப்பவளுக்கும் உண்டு. ஒரு வீட்டைக் கூப்பிடவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் யாரும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். நாங்கள் தடை போடுவோம், நோட்டீஸ் ஒட்டுவோம், அவர்கள் மரியாதையாய் நோட்டீஸைப் படித்துவிட்டுப் போவார்கள். அதிகம் போனால் ஒரு முயல் கிடைக்கும். ஊருக்கே பங்கு போட்டால் வீட்டுக்குப் புளியங்கொட்டை அளவு தேறும்.

ஒவ்வொரு வருஷமும் அன்று மாயவனுக்கு மலையின் அந்தப் பக்கத்தில் அவசரமாய் ஒரு வேலை முளைக்கும். வேலையைக் கொடுப்பது நான்தான், வேறு யார்? அவன் பெண்டாட்டி செல்லியம்மாள் போய்ப் பங்கை வாங்கிக்கொள்வாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அந்த மலை கண்ட மூக்குக்குச் சளி பிடித்திருக்கும். மறுநாள் சரியாகிவிடும்.

இந்த வருஷமும் ஜீப்பில் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மத்தியானம் அவன் போன் அடித்தது. செல்லியம்மாள். டவர் கிடைக்கிற பாறை மேல் ஏறிக் கூப்பிட்டிருக்கிறாள்; அழுகைதான் முதலில் கேட்டது.

"எல்லா வூட்டையும் கூப்ட்டாங்க. நம்ம வூட்ட கூப்டல. நான் நின்னுக்கினே இருக்கேன், ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல. மைக்குல பேசுனது நீ. என்னை ஏன் இந்த ஊர்ல இல்லாதவளா ஆக்குன?"

மாயவன் போனைப் பையில் போட்டான். "வண்டியத் திருப்புங்க சார்" என்றான். போனால் கண்ணால் பார்த்தாக வேண்டும், பார்த்தால் கேசு எழுதியாக வேண்டும், அதெல்லாம் வேண்டாம் என்று கத்தினேன். அவன் ஓடுகிற வண்டியிலிருந்து காலைக் கீழே வைக்கப் போனான். பைத்தியக்காரன்! திருப்பினேன்.

கோயில் முன்னால் ஊரே நின்றது. ஆளுக்கொரு தேக்கிலை கையில். ஒருவரும் ஓடவில்லை, ஒளிக்கவும் இல்லை. நான் பக்கத்திலிருந்த புளியமரத்தை ரொம்ப உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

"ஏன் எங்க வூட்ட வுட்டீங்க?" என்றான் மாயவன்.

பாவாடைக் கவுண்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அதிகாரிங்க. ஊர்க்காரனுக்குத்தான் பங்கு, அதிகாரிக்கு ஏது?"

அவர் 'நீங்க' என்று சொன்னது அவனை எங்கேயோ தைத்துவிட்டது. "இன்னா மாமா, நீங்க நாங்கன்ற?" என்றான். குரல் உடைந்துவிட்டது. உடனே சமாளித்து விறைத்துக்கொண்டான். "நான் கேசு போடுவேன். பங்கு வாங்குன அத்தினி பேரு மேலயும் போடுவேன்."

"போடு. அப்ப நீ தப்பிச்ச. நீதான் பங்கு வாங்கலியே" என்றார் பாவாடை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்து மரத்தின் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டேன்.

மாயவன் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அப்போதுதான் பார்த்தேன், கல்லின் மேல் ஓர் இலையில் ஒரு பங்கு கிடந்தது. கிழவர் அதையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறார். கூப்பிடத்தான் மனசு வரவில்லை.

மாயவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். "குடு மாமா."

பாவாடை அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "மாயவன் வூடு!" என்று ஊருக்குக் கேட்கக் கூப்பிட்டு, இலையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

வாங்கிய கையோடு என்னிடம் திரும்பினான். "சார், கேசு எழுதுங்க. மொத பேரு மாயவன்."

"யோவ், உனக்குப் புத்தி இருக்குதா? வேல போயிடும்யா!" என் சத்தத்தில் கோயில் மணியே ஆடியிருக்கும்.

"எம்பேர வுட்டுட்டு எழுதுனா ஊர்ல ஒரு வூடு கொறையும் சார்."

இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டாவது பேரு எம்பேர எழுதுங்க" என்று பாவாடை முன்னால் வந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. எனக்குக் கோபம் கோபமாய் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கண் வேறு கலங்கித் தொலைத்தது.

அப்போதுதான் செல்லியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் கையிலிருந்த இலையை வெடுக்கென்று பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நடையைக் கட்டினாள்.

"ஏம்மா! அது தடயம்மா!" என்று நான் பின்னால் ஓடினேன்.

"தடயமாவது ஒண்ணாவது. அது எங்க வூட்டுப் பங்கு சார்" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் இலையை மடித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்லருகே மாயவன் வெறுங்கையை நீட்டியபடியே நின்றான்.

செல்லியம்மாள் தன் வீட்டுக்குள் குனிந்து போனாள். கொஞ்ச நேரத்தில் மிளகும் பூண்டும் தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு வாசனை வந்தது. சட்டம் இன்னும் மாறவில்லை, வரைவு வரைவாகவே கிடக்கிறது. அந்த வீட்டுக்குள் நுழையவும் அந்தச் சட்டியைத் திறக்கவும் எனக்கு முழு அதிகாரம் இருந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.