எஞ்சின் மூடியின் சூடு

சிலாவத்துறையிலிருந்து மன்னார் போகும் பஸ்ஸில் ஒரு யன்னலும் ஒழுங்காக மூடாது. வெளியே மழை, குளிர்காற்று. வெயிலுக்குப் பழகிய சனம் துவாயால் தலையை மூடிக்கொண்டு நடுங்குகிறது. குளிர் வரும் என்று ரேடியோ சொன்னது. ஆடுமாட்டை எங்கே கட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சாரதிக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியின்மேல் குந்தியிருக்கிறேன். சூடான இடம் அது ஒன்றுதான்.

வழியில், அரிப்பு என்ற ஊரில் ஒரு பெண் சாக்கில் சுற்றிய ஆட்டுக்குட்டியோடு ஏறுகிறாள்.

"எழும்புங்கோ அண்ணை. குட்டியைக் கிடத்தோணும்."

"ஆட்டுக்கு நான் எழும்புறதோ?"

"தாயாடு விடியக் குளிரில செத்துப்போச்சு. நீங்கள் சாகமாட்டியள், எழும்புங்கோ."

எழும்புகிறேன். குட்டியைக் கிடத்தி, அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள்.

"உள்ளுக்கும் குளிர்."

"எங்க இறங்கிறியள் அக்கா?" என்கிறான் நடத்துநர்.

"இது சூடேறின இடத்தில."

எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை.

மன்னாரில் சனம் இறங்கிவிட்டது. சாரதி எஞ்சினை நிறுத்த, திறப்பைத் திருகக் கைவைக்கிறார்.

"நிப்பாட்டாதேங்கோ!" என்று கத்துகிறேன்.

"டீசல் ஆர் அடிக்கிறது? நீங்களோ?"

அவள் மறுபடியும் குட்டியின் வாய்க்குள் விரலை விடுகிறாள். நாங்கள் அவள் முகத்தையே பார்க்கிறோம்.

"உறிஞ்சிறமாதிரிக் கிடக்கு," என்கிறாள் மெதுவாக.

சாரதி திறப்பிலிருந்து கையை எடுக்கிறார்.