கடைசிக் காட்சி

மழை வந்ததும் மனைவி கண்ணாடி அடுக்கு ஜன்னலை மூடினாள். அந்தக் கிரீச் சத்தம் என்னை நான் வளர்ந்த செந்தூல் ரயில்வே குடியிருப்புக்கு இழுத்துப் போனது. எங்கள் வரிசையில் முனியாண்டி அங்கிள் வீட்டில் மட்டும்தான் டிவி. பிள்ளைகள் நாங்கள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் படம் பார்ப்போம். ஒருநாள் கடைசிக் காட்சியில் ஜன்னலை மூடினார். என் விரல் நசுங்கியது.

"போதும் லா! உங்கப்பன ஒன்னு வாங்கச் சொல்லு."

அவரை என் வீட்டில் உட்காரவைத்து அதே படத்தைப் போடுவேன், அதுவரை அந்தக் காட்சியைப் பார்க்க மாட்டேன் என்று தீர்மானித்தேன். படித்ததும் வசதியானவர்கள் வாழும் பங்சாரில் வீடு வாங்கியதும் அந்த வைராக்கியத்தில்தான்.

இன்று பேரன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தவருக்கு அந்தப் படத்தைத்தான் போட்டிருந்தேன். கடைசிக் காட்சி தொடங்கியதும் டிவியை அணைத்தேன்.

"ஐயோ தம்பி! அப்புறம் என்ன ஆச்சு?"

"எனக்கும் தெரியாது அங்கிள். நீங்க ஜன்னல மூடிட்டீங்க."