மீன் தொட்டிக்கு வந்த அம்மை

தசரதன் மாமாவை ஓரிடத்தில் உட்கார வைக்க எங்கள் குடும்பத்தில் யாராலும் முடிந்ததில்லை. கீழ்பென்னாத்தூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர். டிரைவர் என்றால் நாளெல்லாம் உட்காரும் வேலைதானே என்று தோன்றும். ஆனால் ஸ்டியரிங் இல்லாத நாற்காலியை அவர் நாற்காலியாகவே மதித்ததில்லை. இதயத்தில் ஆபரேஷன் ஆகி, இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், வேங்கிக்கால் வீட்டிலிருந்து நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் டிரைவர் ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் பஸ்ஸை இவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்வரை தங்கம்மாள் அத்தை வாசலிலேயே நின்றாராம்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதன் முன்னால் மட்டும் மாமா அசையாமல் இருந்ததை அத்தை கவனித்து வைத்திருந்தார். அதனால்தான் வீட்டுக்கும் ஒரு தொட்டி வந்தது. மாமா உட்கார்ந்தார். காற்று பம்ப்பின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "இன்ஜின் இழுக்குது" என்று அதைக் கழற்றித் துடைப்பார். சின்ன மீன்களெல்லாம் மினி பஸ். எங்கும் நிற்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வரும் பெரிய ஏஞ்சல் மீனுக்குப் பெயர் பாயின்ட் டு பாயின்ட். மூன்று வருடமாக அவருடைய நடமாட்டம் அந்தத் தொட்டியோடு நின்றிருந்தது. ஆஸ்லோவில் இருக்கும் எனக்கும் அதனால் கொஞ்சம் தூக்கம் வந்தது.

போன மார்கழியில் அப்சல் கடையிலிருந்து புதிதாக நாலைந்து மீன் வாங்கி வந்தார். தனியாக வைத்துப் பார்க்காமல் நேராகத் தொட்டியில் விட்டார். வாரம் திரும்புவதற்குள் புது மீன்களின் உடம்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பிறகு பழைய மீன்களுக்கும் வந்தது. மாமா வீடியோ காலில் போனைத் தொட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மா வந்திருக்கா."

அந்த ஒரு வார்த்தையில் வீடு மாறிவிட்டது. தொட்டியின் மேல் வேப்பிலைக் கொத்து ஏறியது. சமையலில் தாளிப்பு நின்றது. மாமா முகச்சவரம் செய்யக் கூடாது. அப்சல் கொடுத்தனுப்பிய நீல மருந்து, மூடி திறக்கப்படாமலே பிரிட்ஜின் மேல் ஏறியது. அம்மை வந்த உடம்புக்கு மருந்தா கொடுப்பார்கள்? சூட்டினால் வருவது, குளிர்ச்சிதான் வேண்டும் என்று அத்தை பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றினார். ஜன்னலைத் திறந்து பனிக்காற்றையும் உள்ளே விட்டார். அந்த மீன்கள் பிழைத்தாக வேண்டும் என்று வீட்டில் எல்லோரையும்விட அவருக்குத்தான் ஜாஸ்தி தவிப்பு. அவை போய்விட்டால் மாமா மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போவார் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். அது ஒரு ஒட்டுண்ணி. குளிர்ந்த தண்ணீரில் மீன் துவண்டுபோகும், நோய் நாள் கணக்கில் இழுத்தடிக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, கல்லுப்பைக் கரைத்து விட வேண்டும். அத்தை செய்துகொண்டிருந்த எல்லாமே நேர் எதிர். வேலைக்கு நடுவில் எழுந்துபோய்ப் போன் செய்தேன். இது அம்மை இல்லை, வெள்ளைப் புள்ளி நோய் என்று விளக்கினேன்.

"அதத்தான தம்பி நாங்க அம்மைன்னு சொல்றோம்" என்றார் அத்தை.

மினி பஸ்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. புது மீன்கள் எதுவும் மிஞ்சவில்லை. ஏஞ்சல் மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் சாய்ந்து நின்றது. மாமா தொட்டிக்கு முன்னால் உட்காருவதை விட்டுவிட்டார். கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். பிறகு ஒருநாள் நான் கூப்பிட்டபோது அத்தைதான் போனை எடுத்தார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். எங்கே என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

அன்றைக்கு வண்டி எதையும் தொடாமல் திரும்பி வந்தவரிடம், போனிலேயே சூடு, உப்பு என்று மறுபடி ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"உப்பா? அம்மா இருக்கற எடத்துல உப்ப கொட்டுவாங்களா? படிச்சவன் பேசற பேச்சா இது?"

மாமா குறுக்கே புகுந்தார்.

"ஏண்டி, போன ஆடியில எனக்கு ஒடம்பு தேறணும்னு மாரியம்மன் கோயில்ல இன்னாத்த கொட்டின?"

பதிலையும் அவரே சொன்னார்.

"உப்பும் மொளகுந்தான? அங்க கொட்டினா ஏத்துக்கறவ, இங்க கொட்டினா கோச்சுக்குவாளா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். கடைசியில் அத்தை சொன்னார்:

"மொளகு வேணாம். மீனுக்கு எரியும்."

உப்புக்கு வழி பிறந்ததும் சூட்டுக்கும் வழி பிறந்தது. அம்மை இறங்கும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வேப்பிலை போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீராக இருக்க வேண்டும். எனக்கு ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. சின்ன வயதில் என் தலையிலும் அப்படி ஊற்றியிருக்கிறார்கள். அத்தை மொட்டை மாடியில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தார். வேப்பிலைச் சாறு மீனுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று நான் பதறியதால், இலையை அண்டாவின் வாயில் கட்டித் தொங்கவிட்டார். அழுக்குத் தண்ணீரை மாமா குழாய் வைத்து இழுத்து வெளியே விட, அத்தை சொம்பு சொம்பாகப் பொறுமையாக ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் ஆறிப்போகக் கூடாதே என்று நான் இழுத்ததும், அப்சலிடமிருந்து ஹீட்டர் வாங்கி வர அவரே சம்மதித்தார். மருந்து என்றால்தான் கூடாது, இது அடுப்பு மாதிரிதானே என்றார்.

மூன்றாம் தண்ணீர் ஆனதும் ஏஞ்சல் மீனின் உடம்பில் புள்ளிகள் கம்மியாயின. அம்மா இறங்கிவிட்டாள், போதும் என்றார் அத்தை. மீனை விட்டு உதிர்ந்த ஒட்டுண்ணி தொட்டியின் அடியில் கூழாங்கல்லுக்குள் இருந்து பெருகித் திரும்ப வரும், நிறுத்தினால் எல்லாம் வீண். இதை எந்த மொழியில் சொல்வது என்று தடுமாறினேன். எங்கள் வீடுகளில் மூன்று தண்ணீரும் உண்டு, ஐந்தும் உண்டு, ஏழும் உண்டு. ஏழாகவே ஊற்றிவிடுங்கள் அத்தை, ஆத்தாளுக்குக் குறை வைக்க வேண்டாம் என்றேன். அத்தை போன் திரையில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் அண்டாவை மாடியிலிருந்து இறக்கவில்லை.

ஏழாவது தண்ணீர் நடந்திருக்க வேண்டிய அன்று மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றே முடிவு செய்து அத்தையின் எண்ணுக்குப் போட்டேன்.

"வூட்லதான் இருக்காரு" என்றார் அத்தை, ரகசியம் போல. "காலையில ஒக்காந்தவரு. சாப்புட கூப்ட்டா கூட எழுந்துக்க மாட்றாரு."

தொட்டியைக் காட்டுங்கள், மீனை நான் பார்க்க வேண்டும் என்றேன்.

"கிட்ட போனா நம்ம நெழலு பட்டு அது பயப்படுதாம். என்னியே அந்தாண்ட போன்னுட்டாரு. நீ அப்பறமா பேசு தம்பி."

போனை வைத்துவிட்டார்.