கழுத்தோரத்து நிழல்

வருஷா வருஷம் எங்கள் கல்யாண நாளன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும், என் மனைவியைக் கிழக்கு ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் எடுப்பேன். வெள்ளைச் சேலை, பக்கவாட்டு வெளிச்சம், கறுப்பு வெள்ளை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நானே அச்சடித்து, கூடத்துச் சட்டத்தில் போன வருஷப் படத்துக்கு முன்னால் செருகிவிடுவேன். பழையவை பின்னாலேயே இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு இந்த ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் ஆடாமல் உட்காருவாள்.

இந்த வருஷப் படம் காய்ந்ததும் அவளுடைய கழுத்தின் இடது பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. தாடைக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு. சட்டத்தைக் கழற்றிப் போன வருஷப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதே ஜன்னல், அதே நேரம், அதே நாற்காலி. அதில் நிழல் இல்லை.

 உடனே ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. வழக்கமான தாள் கிடைக்காமல் இந்த முறை வேறு வாங்கியிருந்தேன். தாள் மாறினால் மை இறங்கும் விதம் மாறும். சாம்பல் நிறத்தில் பச்சை பாயும், இருட்டு அப்பிக்கொள்ளும். அதற்கென்று தனியாக ஒரு புரொஃபைல் செய்ய வேண்டும். இந்தத் தாளில் எந்தச் சாம்பலுக்கு எவ்வளவு மை என்று பிரிண்டருக்குச் சொல்கிற கோப்பு அது.

வெள்ளையிலிருந்து கறுப்புவரை கட்டம் கட்டமாக ஒரு தாள் அச்சடித்து, ஒரு நாள் காயவிட்டு, சேரன்மகாதேவியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். நிறம் அளக்கும் கருவி அவரிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டமாக அளந்து புரொஃபைல் செய்தோம். வீட்டுக்கு வந்து அச்சடித்தேன். பச்சை போய்விட்டது. சேலை மடிப்புகளை எண்ணிவிடலாம். நிழலும் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

கட்டங்களைப் புதிதாக அச்சடித்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினேன். மூன்றாவது தடவை அண்ணாச்சி கருவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"புரொஃபைல்ல ஒரு கோளாறும் இல்ல வே. இருக்கதத்தான் காட்டுது. நீரு வீட்ல போயி அவங்க கழுத்தப் பாரும்."

"எனக்குப் படம் பாக்கத் தெரியாதாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன். கோபமில்லை அது, பயம். தினமும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். எட்டிக் கை வைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். எனக்குத் தைரியம் வரவில்லை. கை வைத்தால் ஏதாவது தட்டுப்படும். தாளென்றால் மாற்றிவிடலாம்.

அன்று அளவுகளை நானே திருத்தினேன். கருவி சொன்னதை ஒதுக்கிவிட்டு, இருண்ட சாம்பலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்தேன். தலைமுடி தூசி படிந்ததுபோல ஆனது, ஜன்னல் கம்பி மங்கியது. ஆறாவது பிரிண்டில் கழுத்து சுத்தமாக இருந்தது.

"என்னங்க, எம் மூஞ்சிய எத்தன வாட்டிதான் அச்சடிப்பீய?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது நல்லாத்தான இருக்கு. இதயே மாட்டுங்க."

மாட்டினேன். நாலு மாதமாக அது கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அவளுக்கு வயசு குறைந்துவிட்டது என்றார்கள். நான் அவளுடைய இடது பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன். அவள் இருமினால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன வாரம் சங்கிலி போடும்போது கழுத்தில் ஏதோ தட்டுப்படுவதாக அவளே சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"எத்தன நாளா இருக்கு?"

"இந்த வாரந்தான் டாக்டர்," என்றாள் அவள்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "நாலு மாசத்துக்கு மேல ஆச்சு," என்றேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோதனை முடிவு நாளை மறுநாள் வரும். பேசுகிறாள், சோறு போடுகிறாள், எல்லாம் நடக்கிறது. நான் கூடத்துக்குள் வந்தால் மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்கிறாள்.