அளவெடுத்து விளக்குமாறு வெட்டித் தந்த ரசீன் நானா

ரசீன் நானா இறந்துவிட்டார்.

பசறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தாரே... அவர்தான். காலையில் பிள்ளைகள் கைகழுவ வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் போனில் சொன்னார். வாளி நிரம்பி வழிந்ததைப் பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மொன்டிசோரி பாலர் பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகள் தாங்களே பட்டன் போடுவதையும், தண்ணீர் ஊற்றிக் குடிப்பதையும், சிந்தினால் துடைப்பதையும் இங்கே போட்டோ போடுவேன். "சூப்பர் டீச்சர்" என்று எழுதுவீர்கள். அதில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

பதுளையில் டீச்சர் கோர்ஸ் முடித்த கையோடு அவர் கடைக்குப் போய், சின்னக் கண்ணாடி ஜக் ஆறு வேண்டும் என்றேன்.

"என்ன டீச்சர், சின்னப் புள்ளைங்களுக்கு கண்ணாடியா? பிளாஸ்டிக் கொண்டுபோங்க. உடையாது."

"உடையாதுன்னா கவனமா புடிக்க மாட்டாங்க நானா. அதுக்குத்தான் கண்ணாடி. உடைஞ்சா நான் அள்ளிக்கிறேன். மத்தபடி தொடைக்கிறது, கூட்டுறது எல்லாம் அவங்கதான்."

மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறுகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப வெளக்குமாறும் வேணுமே. என்ட கடையில இருக்கிறதெல்லாம் அவங்களவிட உயரம். ஒரு புள்ளயக் கூட்டி வாங்க, அளவெடுக்கணும்."

அடுத்த வாரம் தர்ஷினியையும் அவள் அம்மாவையும் அழைத்துப் போனேன். பிள்ளையை நேராக நிற்க வைத்து, நெஞ்சு உயரத்துக்கு விளக்குமாற்றுப் பிடியில் பென்சிலால் கோடு போட்டார். வாளால் அறுத்தார். கையில் குத்தாதபடி நுனியை மண்தாள் வைத்துத் தேய்த்தார். இப்படி ஆறு.

"இது எனக்கா?" என்று கேட்டாள் தர்ஷினி.

"ஒங்களுக்குத்தான் மகள். பெரிய ஆளுங்க இதால கூட்ட ஏலாது. இடுப்பு போயிரும்."

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது...

ஒரு நாள் பகல் தர்ஷினியின் அப்பா முருகேசு அண்ணன் மலை வேலையிலிருந்து நேரே வந்து வாசலில் நின்றார். வீட்டிலும் நான்தான் கூட்டுவேன் என்று மகள் அடம் பிடித்திருக்கிறாள்.

"டீச்சர், நாங்கதான் காலம்பூரா தோட்டத்துல குனிஞ்சு கெடக்குறோம். எங்க புள்ள கையிலயும் வெளக்கமாத்தக் குடுக்குறீங்களா? கொழும்புல வீட்டு வேலைக்கு அனுப்பவா பழக்குறீங்க?"

அவருடைய அக்காவைப் பதினொரு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் தர்ஷினி வரவில்லை. வாரம் முடிவதற்குள் பதினான்கு பிள்ளைகள் ஐந்தாகிவிட்டார்கள்.

ஆறு விளக்குமாறுகளையும் உரப் பையில் போட்டு பஸ் ஏறினேன். "வேணாம் நானா. எழுத்து மட்டும் சொல்லிக் குடுத்துட்டு இருந்துடுறேன்" என்று கடையில் வைத்தே அழுதுவிட்டேன்.

நானா டீ வரவழைத்தார். நான் குடித்து முடித்ததும், "சனிக்கிழம மொன்டிசோரிய தொறக்க ஏலுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் பேத்தி சைனபுடன் வந்து இறங்கினார். தர்ஷினி வயதுதான். வளைவு ரோட்டில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, காலில் போட்டிருந்த வெள்ளை சப்பாத்தெல்லாம் அழுக்கு. அந்த உரப் பையும் அவர் கையில்தான் திரும்பி வந்தது.

உள்ளே வந்து ஒரு பழைய பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தரையில் போட்டார். "சைனப், கூட்டுங்க மகள்."

அவள் கூட்டினாள். சிதறியது. மறுபடி கூட்டினாள். பக்கத்து லய வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். முருகேசு அண்ணனும் தர்ஷினியோடு வாசலுக்கு வந்தார்.

"மொதலாளி வீட்டுப் புள்ளையா கூட்டுது?" என்றது ஒரு குரல்.

"ஆமா, என்ட பேத்தி" என்றார் நானா. "டாக்டராகணுமாம். இன்னும் சட்டைக்கு பட்டன் போடத் தெரியாது. அதுக்குத்தான் டீச்சர்கிட்ட கூட்டி வந்தேன்."

அப்போது அப்பாவின் கைக்கு அடியால் நுழைந்து உள்ளே ஓடி வந்தாள் தர்ஷினி. சைனபின் முன்னால் குந்தி, அவளுடைய ஸ்வெட்டரைப் பிடித்து, "இங்க பாரு... மொதல்ல பாதிய உள்ள தள்ளணும். அப்புறம் இந்தப் பக்கம் இழுக்கணும். இப்ப நீ போடு" என்றாள்.

நான் ஒரு நாளும் இவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

முருகேசு அண்ணன் ஐந்து பட்டனும் போட்டு முடியும்வரை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை மகளை அவரே கூட்டி வந்து விட்டார்.

எல்லோரும் உடனே வந்துவிடவில்லை. சிலருக்கு மாதங்கள் எடுத்தன. இரண்டு பிள்ளைகள் கடைசிவரை வரவேயில்லை. ஆனால் நானா அந்தப் பள்ளித் தவணை முழுக்க, சனிக்கிழமைதோறும், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். பேத்தியின் கையில், பஸ்ஸில் வாந்தி வராமல் முகர்ந்து பார்க்க ஒரு தேசிக்காய்.

சும்மா இருக்கவும் மாட்டார். சப்பாத்து நாடா முடிச்சுப் போடப் பழக்கும் மரச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு திணறுவார். "மூத்தாப்பா, அப்பிடி இல்ல!" என்று சைனப் சத்தம் போடுவாள். "ஆயுசுக்கும் செருப்புப் போட்ட கால் மகள், எனக்கு எங்க நாடா?" என்று சிரிப்பார்.

தர்ஷினி இப்போது ஆறாம் ஆண்டு. கொஞ்சம் முன்னால் முருகேசு அண்ணன் போன் எடுத்தார். "டீச்சர், நானா வீட்டுக்கு எத்தன மணிக்குப் போறீங்க? நாங்களும் வாறோம். நான் இன்னைக்கு வேலைக்குப் போகல."

பத்தரை பஸ்ஸில் போகிறோம்.

நானா... உங்களுக்கு ஒரு தடவையாவது நன்றி சொன்னேனா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை.

ரொம்ப நன்றி நானா. நிம்மதியா போயிட்டு வாங்க.