கரி பிடிக்காத சிம்னி

கொத்துக்கரண்டியின் பிடியால் செங்கல்லை இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சுவரோடு ஒட்டவைத்து, மூன்றாவது தட்டுக்கு முன் கண்ணை மூடிக்கொள்கிறார் தருமன். வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். "சொல்லுது" என்கிறார். என்ன சொன்னது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. டீக்கடைத் தூண், பேருந்து நிலையத்துப் பெஞ்சு, மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டின் வாசற்கால் என எதையும் அவர் தட்டாமல் கடந்ததில்லை.

அடி அண்ணாமலை கிராமத்துக்காரர். ஐம்பத்து நான்கு வயது. திருவண்ணாமலையில் மேஸ்திரிகளுக்குப் பஞ்சமில்லை. சிம்னி மேஸ்திரி இவர் ஒருவர்தான். மொபெட்டின் பின்னால் 'சிம்னி தருமன்' என்று மஞ்சள் பெயின்டில் எழுதிவைத்திருக்கிறார். சித்திரையில் தார் உருகும் ஊரில் புகைபோக்கி எதற்கு என்று கேட்பவர்களைச் செங்கம் சாலைச் சந்துகளுக்குக் கூட்டிப்போவார். அங்கே அவர் கட்டிய ஆறு சிம்னிகள் நிற்கின்றன.

முதலாவதைக் கட்டி இருபத்திரண்டு வருடமாகிறது. ஒரு ஜெர்மன்காரர் தன் சொந்த ஊர் வீட்டின் புகைப்படத்தைக் கொடுத்து, இதேபோல் குளிர்காயும் கணப்பும் புகைபோக்கியும் வேண்டும் என்றார். தெருவிலிருந்து எடுத்த படம். கூரைக்கு மேல் செங்கல் தூண். தூணின் உச்சியில் பானை போல் ஏதோ ஒன்று. தருமனுக்கு உடனே புரிந்துவிட்டது. உயரமாக எதைக் கட்டினாலும் உச்சியில் கலசம் வேண்டும் என்பது ஜெர்மனிக்கும் தெரிந்திருக்கிறது. மூன்றடுக்குக் கலசத்தைச் சிமென்டில் வார்த்து, ஒரு சொட்டு மழை இறங்காதபடி உச்சியில் உட்காரவைத்துப் பூசினார்.

கலவை சுமந்துகொண்டிருந்த அவர் மனைவி பொன்னி அன்றைக்கே கேட்டாள்.

"பொக எப்படிய்யா வெளிய போவும்?"

"அது வேற பொக. அந்த ஊரு டெக்னிக்கு உனக்குத் தெரியாது."

ஜெர்மன்காரர் கலசத்தைப் பார்த்துக் கைகூப்பினார். குளிருக்குப் பயந்து இங்கே வந்தவர் அவர். கணப்புக்குள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு வெளிநாட்டுக்காரர்களும் கலசத்தோடு ஒன்று கேட்டார்கள். ஐந்து வீட்டில் கட்டியாயிற்று. ஒருவரும் தீ மூட்டவில்லை.

ஒவ்வொரு கார்த்திகையிலும் தீபத்துக்கு முன் தருமன் ஆறிலும் ஏறுவார். வெடிப்பை அடைப்பார், உதிர்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவார், கலசத்துக்குத் தங்கநிறம் அடிப்பார். கீழே வந்து டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டுவார். "மத்தவங்க கட்டற சிம்னில கரி ஜாஸ்தி. நம்ம வேலைல கம்மின்னு சொல்லமாட்டேன், சுத்தமா கெடையாது." பீட்சா கடைக்காரர் ஒருவர் அடுப்புக்குப் புகைபோக்கி கேட்டு வந்தபோது மறுத்துவிட்டார். தினமும் எரிகிற இடத்தில் கை வைப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

போன மார்கழியில் அந்த ஜெர்மன்காரர் வீட்டைச் சந்திரகலா வாங்கினார். வேலூர்க்காரர், கனடாவில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். வந்ததும் தருமனை அழைத்தார்.

"மேஸ்திரி, இதை உள்ள கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க?"

"உள்ளயா?" தருமன் சுவரைத் தட்டினார். மூன்றாவது தட்டு கொஞ்சம் தாமதமானது. "நல்லா இருக்குதும்மா. தாராளமா கொளுத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தீ மூட்டுவதென்று முடிவாயிற்று. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களையும் சந்திரகலா காபிக்கு அழைத்திருந்தார். சனிக்கிழமை தருமன் இரண்டு முறை போய்த் தட்டிவிட்டு வந்தார்.

"அத்தினி பேரும் வராங்க. பொக போவலன்னா வண்டில இருக்கிற பேர அழிச்சிட்டு வூட்டுக்கு வா" என்றாள் பொன்னி.

சவுக்கு விறகு நன்றாகவே பிடித்தது. புகை மேலே ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஏறிய புகை சற்று யோசித்துவிட்டு, மொத்தமாகத் திரும்பி வந்தது. காபி டம்ளர்களோடு கூட்டம் வாசலுக்கு ஓடியது. பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் மட்டும் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துச் சம்மணமிட்டுக் கண்ணை மூடினார். பிறகு அவரும் ஓடினார்.

சந்திரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு உச்சியைப் பார்த்தார்.

"அது என்ன மேஸ்திரி?"

"கலசம்மா. ஃபோட்டோல இருந்ததுதான்."

"ஐயோ, அங்கெல்லாம் அது அடியில்லாத பானைங்க. அதுக்குள்ளதான் புகை போகும்."

"கலசம் இல்லாத கோபுரத்த எங்கனா பாத்திருக்கீங்களா?"

"கோபுரத்துக்குள்ள யாரும் அடுப்பு மூட்டமாட்டாங்க."

கூட வந்திருந்த பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலா சிரிப்பா என்று தருமன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த டெக்னிக்கு எங்களுக்குத் தெரியாது பாரு" என்றாள் அவள். "ஏணி அங்க இருக்குது. ஏறு."

தருமன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தங்கநிறம் புதுசு, அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு உளியை வைத்தார். நல்ல வேலை. உடைய அரை மணிநேரம் ஆயிற்று. மூன்று அடுக்கும் துண்டு துண்டாகச் சரிந்து தளத்தில் விழ, கீழே மிச்சமிருந்த தணலின் புகை திறந்த வாயிலிருந்து நேராகக் கிளம்பியது.

"மேஸ்திரி!" எதிர்வீட்டுக் காவல்காரர் சகாதேவன் தெருவிலிருந்து கத்தினார். "எங்க வூட்டதும் ஒடைக்கணுமா?"

மலையின் பாதி வரை பனி மூடியிருந்தது. தருமன் ஏணியில் நின்றபடி இரண்டு பக்கமும் மிச்சமிருந்த ஐந்து கலசங்களையும் பார்த்தார். உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் புகையின் மேல் விரித்துக் குளிர்காயத் தொடங்கினார்.