பக்கத்து வீட்டு இணைய முகவரி

போன புதன்கிழமை ஜமுனாமரத்தூரில் இருந்தேன். வேலூர்க் கடைக்காரர் ஒருவர் போனில் பொரிந்து தள்ளிவிட்டார்.

"மல்லிகா குழு சாமைன்னு போட்டுக்கீறீங்க. லிங்க்கை அமுக்கினா யாரோ கோவிந்தம்மா குழு, தேன் பாட்டில்னு வருது. இன்னா மேடம் இது? சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா நான் வேற எடம் பாத்துக்குவேன்!"

கோபம் நியாயம்தான். மலைப்பொருள் விற்கும் பெண்கள் குழுக்களின் விவரங்களைத் திரட்டித் தரும் தளம் எங்களுடையது. அதில் எந்தக் கட்டத்தில் எது வரலாம் என்று விதிகள் உண்டு. ஸ்கீமா என்பார்கள். இணைய முகவரி என்றால் https என்று தொடங்க வேண்டும், நடுவே இடைவெளி கூடாது... இப்படி. விதிக்குப் பொருந்தாவிட்டால் கட்டம் சிவக்கும்.

மல்லிகாவின் கட்டம் பச்சையாக இருந்தது. உள்ளே இருந்ததோ பக்கத்து ஊர் கோவிந்தம்மாளின் முகவரி!

நேராக மல்லிகா வீட்டுக்குப் போனேன். வாசலில் சாமை மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. குழுவுக்கு வரவிருந்த முதல் பெரிய ஆர்டர் அது.

"எங்க முகவரியத்தான் மேடம் மொதல்ல போட்டேன். தமிழ் எழுத்துல வெச்சிக்கீறோம் இல்ல? செவப்பாவே நின்னுது. கோவிந்தம்மாக்காளோடத போட்டேன், பச்ச ஆயிடுச்சி."

"அது அவங்களோடது ஆச்சே, மல்லிகா!"

"இருந்தா இன்னா? யாரு வூட்டாண்ட போய் நின்னு கேட்டாலும், கூட்டிம்போய் எங்க வூட்டாண்ட வுட்டுடுவாங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. இந்த மலையில் அது உண்மை. வழி தவறி எந்த வீட்டு வாசலில் நின்றாலும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, நாம் தேடி வந்த வீடு வரை கூடவே நடந்து வந்து விடுவார்கள். ஆனால் இணையப் பக்கம் எழுந்து நடந்து வருமா?

சென்னையில் இருக்கும் எங்கள் தினேஷுக்கு போன் போட்டேன். விதி எழுதிய புண்ணியவான்.

"ரூல் கரெக்ட் மேடம். இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் அலவ்டு. தமிழ் முகவரிக்கு உள்ளுக்குள்ள ஒரு இங்கிலீஷ் வடிவம் இருக்கு. அதைப் போடச் சொல்லுங்க."

அனுப்பினான். xn என்று தொடங்கி, இரண்டு கோடு, அப்புறம் கைக்கு வந்த எழுத்தெல்லாம்... மல்லிகா பார்த்தார். "இன்னா மேடம், பூனை போன் மேல நடந்த மாதிரி கீது?"

"தினேஷ், தமிழ் எழுத்தை ஏத்துக்கிற விதியும் இருக்கு. அதைப் போடு. ஒரே முகவரி ரெண்டு குழுவுக்கு வந்தா நிறுத்திக் கேள்வி கேட்கவும் சொல்லு. இன்னிக்கே வேணும்" என்றேன். முனகினான். ஆனால் கெட்டிக்காரன், செய்துவிடுவான் என்று தெரியும்.

விதி பார்ப்பது முகவரியின் உருவத்தை மட்டும்தான். ஆறு இலக்கம் இருந்தால் பின்கோடு சரி என்பது மாதிரி. அங்கே வீடு இருக்கிறதா, அது யார் வீடு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சரியான முகவரியைத் துரத்திவிட்டு, தவறானதற்குப் பச்சைக்கொடி காட்டுகிற விதி யாருக்கு வேண்டும்?

மல்லிகாவின் முகம் மட்டும் தெளியவில்லை. "ஆர்டர் போச்சின்னா எங்க பொம்பளைங்க மொகத்துல எப்டி முழிப்பேன் மேடம்?" நானே பேசிப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். கடைக்காரருக்கு அடித்தால் எங்கேஜ்டு.

அப்போது மல்லிகாவின் போன் அடித்தது. கோவிந்தம்மாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ மல்லிகா, வேலூர்க்காரரு ஒருத்தரு எங்க இணையப் பக்கத்துல கீற நம்பரப் பாத்து எனக்குப் போன் பண்ணாரு. ஒன் சாமைதான் வேணுமாம். ஒன் நம்பர் குடுத்துக்கீறேன், எடுத்துப் பேசு."

"ஒங்களாண்டயும் சாமை கீதே அக்கா?"

"கீது. அவரு கேட்டது ஒன் பேரச் சொல்லித்தானே? போனை வெய்யி, அவரு கூப்புடுவாரு."

கூப்பிட்டார். அன்று மாலையே மூட்டைகள் வேலூருக்கு ஏறின. தினேஷும் சொன்னபடி விதியைத் திருத்திவிட்டான். மல்லிகாவின் தமிழ் முகவரி இப்போது பச்சை.

தவறான முகவரியில் வந்து நிற்பவரைச் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும்... இன்னும் கோவிந்தம்மாள்தான் வேண்டியிருக்கிறது!